அந்த நாடாவை அழிக்கலாமா?

ஒரு மனிதர் வருகிறார். மேசை முன்னால் உட்காருகிறார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்.

உள்ளே ஆலிவ் காய்கள் இருக்கின்றன. ஒரு காயை எடுத்து மேசை மேல் வைக்கிறார். காய் தானாக உருண்டு ஓடுகிறது. இன்னொன்றை வைக்கிறார். அதுவும் ஓடுகிறது.

சரி, பாலாவது குடிக்கலாம் என்று பிளாஸ்கைச் சாய்க்கிறார். பால் நேராக விழவில்லை. குறுக்காக விழுகிறது! டம்ளர் இங்கே இருக்கிறது. பால் அங்கே போகிறது.

மேசை சமமாகத்தான் இருக்கிறது. சுவரும் நேராகத்தான் நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

இது 1957-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி அமெரிக்க டெலிவிஷனில் காட்டப்பட்ட வேடிக்கை. நடித்தவர் பெயர் எர்னி கோவாக்ஸ்.

அந்தக் காட்சியை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. ஆனால் அவர் செய்த மற்ற நிகழ்ச்சிகளில் பெரும் பகுதி இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. தீயில் எரியவில்லை. திருடனும் கொண்டு போகவில்லை. வேண்டாம் என்று மனிதர்களே அழித்துவிட்டார்கள்.

எஞ்சியிருப்பதும் ஒரு பெண்மணி காப்பாற்றியதால் எஞ்சியது.

சாய்ந்த வீடு

பால் குறுக்காக விழுந்தது எப்படி? ரகசியம் எளிதுதான்.

மேசை, சுவர், நாற்காலி எல்லாவற்றையும் சாய்வாகக் கட்டினார்கள். கேமராவையும் அதே அளவு சாய்த்து வைத்தார்கள். இரண்டும் ஒரே சாய்வில் இருந்ததால் வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் நேராகத் தெரிந்தது. ஆனால் பால் கேமராவுக்குக் கட்டுப்படுமா? அது தரையை நோக்கித்தான் விழும்.

அந்த அரைமணி நேரம் கோவாக்சுக்குக் கிடைத்ததே ஒரு கதை. ஜெரி லூயிஸ் என்ற பெரிய நகைச்சுவை நடிகருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மணி நேரம் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். மீதி அரைமணியை யார் எடுத்துக்கொள்வது? பெரிய நடிகருக்குப் பின்னால் போய் நிற்க யாருக்கும் மனம் இல்லை. கோவாக்ஸ் வாங்கிக்கொண்டார்.

அவர் நடித்த அந்த நாடகத்தில் ஒரு வசனம் கூடக் கிடையாது. நூல்நிலையத்தில் ஒரு புத்தகத்தைத் திறப்பார். புத்தகத்துக்குள் இருந்து இருமல் சத்தம் வரும்! அவ்வளவுதான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோவாக்ஸ் 1919-ம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் டிரென்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஹங்கேரி நாட்டு வம்சம். பத்திரிகையில் எழுதினார். ரேடியோவில் பேசினார். 1950-ல் பிலடெல்பியா நகரில் டெலிவிஷனுக்குள் நுழைந்தார்.

அப்போது டெலிவிஷன் கைக்குழந்தை. நாடக மேடையில் இருந்ததைக் கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தார்கள். ரேடியோவில் பேசியவர்களை உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். அதற்கு மேல் யோசிக்கப் பலருக்கு நேரம் இல்லை.

கோவாக்ஸ் யோசித்தார். மேடையில் முடியாதது, ரேடியோவில் முடியாதது, இந்தப் பெட்டியில் மட்டும் முடிவது எது?

வளையல் துண்டுகளைப் போட்டு, சுழற்றிச் சுழற்றிக் குழந்தைகள் பார்க்குமே ஒரு குழல், அந்த மாதிரி ஒன்றைக் கேமரா முன்னால் ஒட்டினார். திரையில் கோலம் கோலமாக மலர்ந்தது. அதற்குப் பொருத்தமாக இசையை ஓட விட்டார். செலவு மிகச் சொற்பம்.

எல்லாம் சொற்பச் செலவில் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய கார் வியாபாரி ஒருவர், கார் எவ்வளவு உறுதி என்று காட்டுவதற்காக அதைத் தட்டுகிறார். கார் தரையைப் பிளந்துகொண்டு பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. இந்தக் காட்சி ஆறே வினாடி. அதற்கு 12,000 டாலர் செலவானது என்பார்கள்! கம்பெனி கொடுத்த பணம் இவருக்குப் போதாது. கையில் இருப்பதையும் போடுவார். கடனும் வாங்குவார்.

புகையா? பால்!

விளம்பரத்திலும் அவர் தமது குறும்பை விடவில்லை.

அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு சுருட்டுக் கம்பெனி. (சுருட்டு உடம்புக்குக் கெடுதல். அது வேறு விஷயம்.) விளம்பரம் என்றால் என்ன செய்வார்கள்? எங்கள் சரக்கு உயர்ந்தது, வாங்குங்கள் வாங்குங்கள் என்று கத்துவார்கள். கோவாக்ஸ் எடுத்த விளம்பரங்களில் பேச்சே கிடையாது. பின்னால் மெல்லிய இசை கேட்கும். முன்னால் ஒரு சின்ன வேடிக்கை நடக்கும்.

ஒன்றைக் கேளுங்கள். கோவாக்ஸ் தண்ணீருக்குள் இருக்கிறார். ஆம், தலைக்கு மேலே தண்ணீர்! அங்கே நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படிக்கிறார். வாயில் சுருட்டு. சுருட்டை எடுத்துவிட்டு வெள்ளையாகப் புகை விடுகிறார்.

தண்ணீருக்குள் சுருட்டு புகையுமா? அது புகை இல்லை, பால். மூழ்குவதற்கு முன்பு ஒரு வாய் பாலை அடக்கிக்கொண்டார். உள்ளே போய் மெதுவாக ஊதினார். பால் புகை போலப் பரவியது.

இன்றைக்கு இதைச் செய்யக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அன்று பால்தான் இருந்தது. பால்தான் இன்னும் அழகு என்று சொல்லத் தோன்றுகிறது.

மனைவி கட்டிய கடன்

1962-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கார் விபத்தில் கோவாக்ஸ் இறந்து போனார். வயது 42.

அவர் வைத்துவிட்டுப் போனது என்ன? பல லட்சம் டாலர் வரி பாக்கி. டெலிவிஷன் கம்பெனிக்குக் கடன். வளர வேண்டிய பிள்ளைகள்.

மனைவி பெயர் ஈடி ஆடம்ஸ். அவரும் பேர் பெற்ற பாடகி, நடிகை. கோவாக்சின் நண்பர்களான பெரிய நடிகர்கள் ஒன்று கூடினார்கள். உதவி நிகழ்ச்சி ஒன்று நடத்திப் பணம் திரட்டித் தருகிறோம் என்றார்கள். ஈடி மறுத்துவிட்டார். என் குழந்தைகளை நானே காப்பாற்றிக்கொள்வேன் என்று சொன்னார்.

சொன்னபடி செய்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடினார். படங்களில் நடித்தார். இன்னொரு சுருட்டுக் கம்பெனியின் விளம்பரத்திலும் ஆண்டுக்கணக்கில் நடித்தார். பாக்கி முழுவதையும் அடைத்தார்.

அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு செய்தி தெரிய வந்தது. அவர் கணவரின் நிகழ்ச்சிகள் பதிவான நாடாக்களை டெலிவிஷன் நிலையங்கள் அழித்துக்கொண்டு இருந்தன!

ஏன் அழித்தார்கள்?

நாடா என்பது நீளமான பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் இரும்புத் துருவைப் போன்ற ஒரு பூச்சு. காந்தத்தின் உதவியால் படமும் சத்தமும் அதில் பதியும். மறுபடியும் காந்தத்தைக் காட்டினால் பழையது போய்விடும். அதே நாடாவில் புதியதைப் பதிக்கலாம். சிலேட்டை அழித்து எழுதுகிற மாதிரிதான்.

இந்த நாடா 1956-ல்தான் டெலிவிஷன் நிலையங்களுக்கு வந்தது. ஒரு மணி நேரம் ஓடும் நாடா அன்றைய விலையில் சுமார் 300 டாலர். அழித்துவிட்டு மறுபடி உபயோகித்தால் எவ்வளவு மிச்சம்!

அதற்கு முன்னால் இருந்த முறை இன்னும் பழையது. டெலிவிஷன் திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்துப் படம் பிடித்து வைப்பார்கள். அந்தப் படச்சுருள்கள் அறை அறையாகக் குவிந்தன. இடத்தை அடைக்கின்றன என்று தூக்கி எறிந்தார்கள்.

நிலையத்தாரிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு தடவை காட்டியாகிவிட்டது. இனி யார் பார்ப்பார்கள்? மறுபடி காட்டினால் நடிகர்களுக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டும். கிடங்குக்கு வாடகை வேறு. ஆகவே அழித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்குப் பார்த்தவர்கள். ஆனால் அந்தக் கணக்கு தப்புக் கணக்கு.

நேற்றுச் சோறு கெட்டுப்போகும் என்று கொட்டலாம். நேற்றுப் பாடிய பாட்டைக் கொட்டலாமா?

ஈடி ஆடம்ஸ் சும்மா இருக்கவில்லை. கணவரின் இன்சூரன்சு பணம் இருந்தது. தாம் சம்பாதித்த பணமும் இருந்தது. அதைக் கொண்டு போய், அழியாமல் மிஞ்சியிருந்த நாடாக்களின் உரிமையையும் படச்சுருள்களின் உரிமையையும் விலைக்கு வாங்கினார். பத்திரமாக வைத்துப் பாதுகாத்தார்.

1996-ல் அமெரிக்காவில் பழைய டெலிவிஷன் நிகழ்ச்சிகளைக் காப்பது பற்றி ஒரு விசாரணை நடந்தது. ஈடி அங்கே வந்து சாட்சி சொன்னார். டூமான்ட் என்று ஒரு டெலிவிஷன் கம்பெனி இருந்தது. அது 1956-ல் மூடப்பட்டது. அதன் படச்சுருள்களை 1970-க்குப் பிறகு மூன்று பெரிய லாரிகளில் ஏற்றி, நியூயார்க் துறைமுகத்துக்குக் கொண்டு போய்க் கடலில் தள்ளினார்கள் என்று அவர் சொன்னார். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள்.

டெலிவிஷன்காரர்களை மட்டும் குறை சொல்வானேன்? 1969-ல் மனிதன் சந்திரனில் இறங்கினான். அங்கே இருந்து நேராக வந்த படம் பதிவான மூல நாடாக்கள் எங்கே என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா பிற்காலத்தில் தேடியது. அவற்றையும் அழித்து வேறு வேலைக்கு உபயோகித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று 2009-ல் அறிவித்தது! டெலிவிஷனில் காட்டிய பிரதிகள் இருந்ததால், நல்ல வேளை, அந்தக் காட்சி தப்பியது.

ஈடி ஆடம்ஸ் 2008-ல் காலமானார். அவர் காத்து வைத்த சேமிப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூல்நிலையம் 2015-ல் பெற்றுக்கொண்டது. 1,200-க்கும் அதிகமான நாடாக்களும் படச்சுருள்களும் அதில் இருந்தன.

ஒரு நாட்டின் பெரிய நூல்நிலையம் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு விதவைப் பெண் பல ஆண்டுகள் தனியாகச் செய்திருக்கிறார். நினைத்துப் பார்த்தால் அந்த நாட்டார் வெட்கப்பட வேண்டும்.

காந்தம் வைத்த மனிதர்

நாடாவைக் காப்பாற்றிவிட்டால் போதுமா? போதாது. நாடா இருக்கும், அதைக் காட்டுகிற பெட்டி இருக்காது. அப்போது என்ன செய்வது?

இந்தச் சங்கடம் கொரியா நாட்டுக்காரர் ஒருவரின் படைப்புக்கு வந்தது. அவர் பெயர் நாம்ஜூன் பாய்க்.

பாய்க் 1932-ல் சியோல் நகரில் பிறந்தார். துணி ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். 1950-ல் கொரியாவில் போர் மூண்டது. குடும்பம் ஊரை விட்டு ஓடியது. ஜப்பானில் படித்தார். பிறகு இசை படிக்க ஜெர்மனிக்குப் போனார். போன இடத்தில் டெலிவிஷன் பெட்டி அவரைப் பிடித்துக்கொண்டது.

1963-ம் ஆண்டு மார்ச் மாதம். ஜெர்மனியில் ஊப்பர்டால் என்ற ஊர். அங்கே ஒரு வீட்டில் பாய்க் கண்காட்சி வைத்தார். பழைய டெலிவிஷன் பெட்டிகளை வாங்கி, உள்ளே இருந்த கம்பிகளை மாற்றி வைத்திருந்தார். ஒரு பெட்டியில் காலால் கட்டையை மிதித்தால் திரையில் ஒளி சிதறும். இன்னொன்றில் மைக்கில் பேசினால் புள்ளிகள் குதிக்கும். பெட்டி சொல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதன், முதல் தடவையாகப் பெட்டிக்கே கட்டளை போட்டான்!

கொண்டு வரும்போது ஒரு பெட்டி பழுதாகிவிட்டது. படம் முழுவதும் சுருங்கி ஒரே ஒரு கோடாகிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டிருப்பார். பாய்க் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். கோடு செங்குத்தாக நின்றது. அதுவே ஒரு கலைப்பொருள் ஆகிவிட்டது. பல நாட்டு அருங்காட்சியகங்களில் அதன் பெயர் இன்று பிரசித்தம்.

1965-ல் அவர் செய்தது இன்னும் வேடிக்கை. குதிரை லாட வடிவில் பெரிய காந்தம் ஒன்றை எடுத்து டெலிவிஷன் பெட்டியின் தலை மேல் வைத்தார். திரையில் இருந்த படம் வளைந்து, நெளிந்து, பூப் போல விரிந்தது. காந்தத்தை நகர்த்தினால் பூவும் நகர்ந்தது.

இது எப்படி? பழைய டெலிவிஷன் பெட்டியின் பின்புறம் துருத்திக்கொண்டு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய் இருக்கும். பிக்சர் டியூப் என்பார்கள். அதன் பின்கோடியில் இருந்து எலெக்ட்ரான் என்ற மிகச் சிறிய துகள்கள் பாய்ந்து வரும். அவை திரையில் மோதும் இடம் ஒளிரும். காந்தம் அந்தத் துகள்களின் பாதையை வளைத்துவிடும். படமும் வளையும்.

(பழைய கலர் டெலிவிஷன் வீட்டில் இருந்தால் இதைச் செய்து பார்க்க வேண்டாம். நிறம் கெட்டுவிடும்.)

பெட்டிக்கும் நமக்கும்

காந்தம் வைப்பது ஒரு பெரிய கலையா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

டெலிவிஷன் வந்த புதிதில் அது ஒரு வழிப் பாதை. நிலையத்தார் அனுப்புவார்கள், வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். திருப்பிச் சொல்ல வழி இல்லை. அந்தப் பாதையில் எதிர்ப்புறமாக நடந்து காட்டியவர் பாய்க். 1970-ல் பாஸ்டன் நகர டெலிவிஷன் நிலையத்தில் நான்கு மணி நேர நிகழ்ச்சி ஒன்று நடத்தினார். ஷுயா அபே என்ற ஜப்பானிய பொறியாளரோடு சேர்ந்து ஒரு கருவி செய்திருந்தார். குமிழ்களைத் திருகினால் படத்தின் நிறமும் வடிவமும் மாறும். தெருவில் போனவர்களை உள்ளே அழைத்து, நீங்களே திருகுங்கள் என்று விட்டுவிட்டார்!

கையில் செல்போனை வைத்துக்கொண்டு இன்று சின்னப் பையன் கூட வீடியோ எடுக்கிறான், நிறத்தை மாற்றுகிறான், ஊருக்கு அனுப்புகிறான். அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் பாய்க் ஒருவர். அதனால்தான் அந்தக் காந்தத்துக்கு மதிப்பு.

1974-ல் அவர் செய்தது எல்லோருக்கும் புரியும். ஒரு பழைய புத்தர் சிலை. எதிரே ஒரு டெலிவிஷன். பின்னால் ஒரு கேமரா. கேமரா புத்தரைப் படம் பிடித்துத் திரையில் காட்டுகிறது. புத்தர் அசையாமல் தம்மையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். இதற்கு விளக்கம் வேண்டுமா?

ஒரே மாதம், ஒரே நாவல்

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் ஆர்வெல் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1949-ல் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் பெயரே "1984". டெலிவிஷன் மூலம் அரசாங்கம் மக்களை வேவு பார்க்கும் பயங்கரக் காலம் வரும் என்று அதில் எழுதினார்.

நிஜமான 1984 பிறந்தது. ஜனவரி 1-ந் தேதி பாய்க், நியூயார்க்கையும் பாரிசையும் செயற்கைக் கோள் மூலம் இணைத்துப் பாட்டும் கூத்துமாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். "ஆர்வெல் ஐயா, வணக்கம்! பயந்தது போல நடக்கவில்லை, பார்த்தீர்களா?" என்று கேட்பது போல இருந்தது அது. இடையிடையே இணைப்பு தகராறு செய்தது. பாய்க் கவலைப்படவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. ஜனவரி 22-ந் தேதி அமெரிக்காவில் பெரிய கால்பந்துப் பந்தயம். இடையில் ஒரு விளம்பரம் வந்தது. மொட்டைத் தலையோடு வரிசை வரிசையாக மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய திரையில் ஒருவர் ஆணையிடுகிறார். ஓர் இளம்பெண் ஓடி வருகிறாள். சம்மட்டியைச் சுழற்றித் திரை மேல் எறிகிறாள். திரை வெடித்துச் சிதறுகிறது!

அது ஆப்பிள் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டருக்கு விளம்பரம். எடுத்தவர் ரிட்லி ஸ்காட் என்ற சினிமா டைரக்டர். விற்க வந்த கம்ப்யூட்டரை அதில் காட்டவே இல்லை. கம்பெனியின் டைரக்டர்களுக்கே அது முதலில் பிடிக்கவில்லை. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது.

அந்த விளம்பரம் பத்திரமாக இருக்கிறது. கம்பெனிக்கு அது சொத்து. கோவாக்சின் நாடாவுக்குச் சொத்து மதிப்பு இருப்பதாக அன்று எந்தக் கம்பெனியும் நினைக்கவில்லை. எது காக்கப்படும், எது அழியும் என்பதை இப்படி வியாபாரம் முடிவு செய்ய விட்டுவிட்டால், நஷ்டம் வியாபாரிக்கு இல்லை.

1,003 பெட்டிகள்

1988-ல் சியோலில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அந்த ஆண்டு, சியோலுக்குப் பக்கத்தில் குவாச்சான் என்ற ஊரில் உள்ள தேசிய கலைக்கூடத்தில் பாய்க் ஒரு கோபுரம் எழுப்பினார். கல் இல்லை, செங்கல் இல்லை. முழுவதும் டெலிவிஷன் பெட்டிகள்!

எண்ணிக்கை 1,003. உயரம் 18 மீட்டருக்கும் மேல். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். சுற்றிலும் சாய்வுப் பாதை. பார்ப்பவர்கள் அதில் சுற்றிச் சுற்றி ஏறுவார்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் படங்கள் மின்னிக்கொண்டே இருக்கும்.

1,003 என்று ஏன் எண்ணிக்கை? கொரிய நாடு பிறந்த நாளாக அந்த மக்கள் கொண்டாடுவது அக்டோபர் 3-ந் தேதி. பத்தாவது மாதம், மூன்றாவது நாள். அதுதான் கணக்கு.

பாய்க் 1996-ல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அப்படியும் வேலையை விடவில்லை. 2006-ல் மியாமி நகரில் காலமானார். இளமையில் அவர் ஓர் இசை மேதையின் கழுத்து டையைக் கத்தரித்து வேடிக்கை காட்டியவர். அதை நினைத்து, இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் ஒருவர் டையை ஒருவர் கத்தரித்து அவர் உடல் மேல் வைத்தார்கள்.

அவர் போய்விட்டார். கோபுரம் நின்றது. ஆனால் பெட்டிகளுக்கும் வயது உண்டு அல்லவா? பாய்க் இருக்கும்போதே, 2003-ல் ஒரு தடவை பெட்டிகளை மாற்றினார்கள். அவையும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. உள்ளே சூடு ஏறியது. தீப்பிடிக்கும் என்ற பயம் வந்தது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள்.

யார் சொன்னது சரி?

அப்போது கொரியாவில் பெரிய விவாதம் எழுந்தது.

சுவரில் மாட்டுகிற தட்டை டெலிவிஷன்கள் கடையில் குவிந்து கிடக்கின்றன, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார்கள் ஒரு சாரார். பாய்க் கைவைத்தது குண்டுப் பெட்டியில், வளைந்த கண்ணாடியில்; அதை மாற்றினால் அது அவர் படைப்பே இல்லை என்றார்கள் இன்னொரு சாரார். அணைந்தபடியே இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு என்றவர்களும் இருந்தார்கள்.

கடைசியில் சொன்னவர்கள் பேச்சு கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது சோம்பேறியின் பேச்சு. அழிந்துபோகட்டும் என்று மணலில் சிற்பம் செய்கிறவர் உண்டு. பாய்க் அப்படிச் செய்யவில்லை. எரிய வேண்டும் என்றுதான் அவர் 1,003 பெட்டிகளுக்கும் மின்சாரம் கொடுத்தார்.

முதலில் சொன்னவர்களும் அவசரப்பட்டார்கள். பழைய குழாயின் ஒளி ஒரு விதம். தட்டைத் திரையின் ஒளி வேறு விதம். குத்துவிளக்கு பழுதானால் டியூப் லைட் போடுவோமா? திரியைத்தானே மாற்றுவோம்!

கலைக்கூடத்தார் நடுவழியில் நடந்தார்கள். முடிந்த வரைக்கும் பழைய குழாய்ப் பெட்டிகளையே காப்பாற்றுவது என்று 2019-ல் முடிவு செய்தார்கள். சொல்வது எளிது. பெரிய கம்பெனிகள் பிக்சர் டியூப் செய்வதை என்றைக்கோ நிறுத்திவிட்டன. பழைய சாமான் விற்பவர்களிடம் தேட வேண்டியிருந்தது. பழைய பெட்டி ரிப்பேர் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது.

தேடினார்கள். 737 பெட்டிகளைப் பழைய குழாயோடு பிழைக்க வைத்தார்கள். உச்சியில் இருந்த சிறிய பெட்டிகள் 266-க்கு வழி இல்லை. அவற்றுக்குள் மட்டும் தட்டைத் திரையை வைத்தார்கள். வெளித் தோற்றத்தை மாற்றவில்லை.

இது முழு வெற்றி இல்லை. நாளைக்கு இன்னும் சில நூறு குழாய்கள் போகும். ஆனாலும் கலைக்கூடத்தார் செய்ததுதான் சரி. ஒரு நாள் முன்னதாகக் கூட எதையும் கைவிடக் கூடாது என்ற பிடிவாதம் அவர்களிடம் இருந்தது.

சட்டம் உண்டு, இடம் உண்டு

பிடிவாதம் மட்டும் போதாது. சட்டமும் வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில் 1537-ல் அரசர் முதலாம் பிரான்சுவா ஓர் ஆணை போட்டார். அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அரசரின் நூல்நிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்றார். புத்தகம் நல்லதா, கெட்டதா, விற்குமா, விற்காதா என்று அவர் கேட்கவில்லை. வந்து சேரட்டும், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

அதே நாட்டில் 1992-ல் இன்னொரு சட்டம் வந்தது. ரேடியோ, டெலிவிஷன் நிகழ்ச்சிகளையும் அதே மாதிரி சேர்த்து வைக்க வேண்டும் என்றது. அதற்கு என்றே அங்கே ஒரு தேசிய நிறுவனம் வேலை செய்கிறது. விளம்பரங்களும் அங்கே போய்ச் சேர்கின்றன.

புத்தகத்துக்கு 1537. டெலிவிஷனுக்கு 1992. நடுவில் டெலிவிஷன் பிறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அரை நூற்றாண்டில் எத்தனை ஈடி ஆடம்ஸ் இருந்தார்கள்? கையில் பணமும் நெஞ்சில் துணிவும் உள்ள மனைவி எல்லாக் கலைஞர்களுக்கும் வாய்ப்பதில்லை.

செலவு ஆகும் என்பார்கள். ஆகத்தான் செய்யும். ஆறு வினாடி வேடிக்கைக்கு 12,000 டாலர் செலவு செய்யப் பணம் இருந்தது. அந்த வேடிக்கையைப் பூட்டி வைக்க ஓர் அலமாரிக்குப் பணம் இல்லையா? நிகழ்ச்சியால் சம்பாதிக்கிற நிலையமும், விளம்பரத்தால் சம்பாதிக்கிற கம்பெனியும், காக்கும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். சட்டம் அதைச் சொல்ல வேண்டும். நாடாவை அழிக்கும் உரிமை, நாடாவை விலைக்கு வாங்கியதால் மட்டும் வந்துவிடாது.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி குவாச்சான் கோபுரத்தில் மறுபடியும் விளக்கு எரிந்தது. நான்கரை ஆண்டு இருட்டுக்குப் பிறகு 1,003 பெட்டிகளும் விழித்துக்கொண்டன. வயதான பெட்டிகள் களைத்துவிடக் கூடாது என்று, வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் எரிய விட்டார்கள். மற்ற நேரத்தில் அவற்றுக்கு ஓய்வு.